நகைச்சுவைக்கு இலக்கணம் தேடிய துறவி: சுவாமி விபுலானந்தரும் வாவிக்கரை மக்களின் சிரிப்பும்

மனிதன் ஏன் சிரிக்கின்றான் என்பது கேட்பதற்கு எளிதாகவும் விடை கூறுவதற்கு அரிதாகவும் உள்ள வினாக்களுள் ஒன்றாகும். அழுகைக்குக் காரணம் கேட்டால் எவரும் சொல்லிவிடுவர். இழப்பு, நோவு, பிரிவு என அதன் காரணங்கள் வெளிப்படையானவை. சிரிப்பின் காரணமோ அவ்வாறு பிடிபடுவதில்லை. ஒரு திண்ணையிலே கூடியிருந்தோர் அனைவரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த அதே சொல், அடுத்த தெருவிலே சொல்லப்பட்டபோது கைகலப்பில் முடிந்ததை நாம் கண்டிருக்கின்றோம். தமிழரும் முஸ்லிம்களும் ஊருக்கு ஊர் அடுத்தடுத்து வாழும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தினருக்கு இவ்வினா வெறும் ஏட்டுப் பொருளன்று. அயலவரோடு ஒத்து வாழ்வது எவ்வாறு என்ற வினாவும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

இதற்கு விடை தேடுவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இப்பிரதேசத்திலே பிறந்து, இப்பிரதேசத்து மண்ணிலேயே அடக்கமாகியுள்ள முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலானந்த அடிகளாரின் வாழ்வும் நூலும் நமக்கு வழிகாட்டுகின்றன. அடிகளார் என்றதும் யாழ் நூல் நமது நினைவுக்கு வருகின்றது. காவியுடையும், கணக்கியலும் இசையியலும் கலந்த பேராராய்ச்சியும், பாடசாலைகளை நிறுவிய தொண்டும் நினைவுக்கு வருகின்றன. நகைச்சுவைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு எனப் பலர் வியக்கக்கூடும். ஆயின், யாழ் நூலுக்கு இருபதாண்டுகளுக்கு மேல் முற்பட்ட அவரது நாடக ஆராய்ச்சி, சிரிப்பைப் பற்றித் தமிழர் சிந்தித்தவற்றை நாம் மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்கு வாயிலாக அமைந்துள்ளது.

அயலூர்களின் நடுவே

அடிகளார் 1892 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனாகப் பிறந்தார். மயில்வாகனன் என்பது அவரது இளமைப் பெயர். கண்ணகி அம்மன் கோயிலாற் புகழ்பெற்ற காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், மேற்கே சம்மாந்துறை என முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள் அமைந்துள்ளன. கோயில் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கோசையும் ஒரே காற்றில் கலந்துவரும் சூழல் அது. சமயத்தால் வேறுபட்டிருப்பினும், தாய்வழியாகக் குடி கணிக்கும் முறை இப்பிரதேசத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. வயலும் வாய்க்காலும் சந்தையும் அவ்வாறே பொதுவாயிருந்தன.

மயில்வாகனனார் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் இயேசு சபைத் துறவியர் நடத்திய மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 16 வயதிலேயே கேம்பிரிட்ஜ் சிரேஷ்ட பரீட்சையிற் சித்தியெய்தினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1916 ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாவையும், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டத்தையும் பெற்றார். அப்பண்டிதப் பரீட்சையில் இலங்கையிலிருந்து முதன்முதலில் தேறியவர் அவரே. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பொறுப்பேற்றார்.

பதவியும் புகழும் வாயிலில் வந்து நின்ற வேளையில், 1922 ஆம் ஆண்டில் அவர் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சென்றடைந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயரோடு பிரமச்சரிய நிலையில் ஈராண்டுகள் கழித்து, 1924 இல் சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலானந்தரானார். மெதடிஸ்தர், கத்தோலிக்கர், சைவர் ஆகிய முத்திறத்தாரின் கல்விக்கூடங்களையும் அறிந்தவர் அவர். விஞ்ஞானம் பயின்றவராதலின், ஒரு பொருளைக் கண்டால் அதன் உறுப்புகள் எவை, அவை எவ்வாறு இயைகின்றன என்று பகுத்தறியும் பழக்கம் அவரிடம் இருந்தது. இப்பழக்கத்தை அவர் நாடகத்தின்மேற் செலுத்தியதன் விளைவே ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலாகும்.

கூத்தர் முடிமணி

1924 ஆம் ஆண்டில், அவர் துறவு பெற்ற அதே ஆண்டில், மதுரைத் தமிழ்ச் சங்க விழாவில் நாடகம் குறித்து ஆற்றிய உரையின் வழியே இந்நூல் உருவாகி 1926 இல் வெளிவந்தது. மதங்கர் என்பது கூத்தரைக் குறிக்கும் சொல். சூளாமணி என்பது தலைமேல் அணியும் மணி. ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரையே கூத்தர்களின் முடிமணியாகக் கொண்டு அடிகளார் இப்பெயரைச் சூட்டினார். அவர் பெயரையும் செகசிற்பியார் எனத் தமிழாக்கினார். ஓசையிலே ஆங்கிலப் பெயர் ஒலிக்கின்றது. பொருளிலே உலகைச் செதுக்கிய சிற்பி தோன்றுகின்றான். சொல்லொன்று ஒரே நேரத்தில் இரு பொருளைக் காட்டும்போது நம் முகத்தில் எழும் முறுவல், சிரிப்பின் மிக நுண்ணிய வகையாகும். துறவியின் எழுதுகோலுக்கு அவ்விளையாட்டு அந்நியமாக இருக்கவில்லை.

உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களை உடையது இந்நூல். முதலாவது இயல், சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை முதலானவற்றிலிருந்து பழைய நாடக இலக்கணத்தைத் திரட்டி, நாடகத்தின் உறுப்புகளையும் சுவைகளையும் அவிநயத்தையும் விளக்குகின்றது. இரண்டாவது இயல், ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. மூன்றாவது இயல், வடமொழியில் 10 ஆம் நூற்றாண்டில் தனஞ்சயன் இயற்றிய தசரூபகத்தின் கருத்துகளைத் தொகுத்துத் தருகின்றது. தமிழ், ஆங்கிலம், வடமொழி ஆகிய மூன்று மரபுகளும் ஒரே நூலில் சந்திக்கின்றன. வீரம், அச்சம், அவலம் முதலிய ஒன்பது சுவைகளின் வரிசையில் நகையும் ஒன்று. வீரத்திற்கும் அவலத்திற்கும் உள்ள இடத்தை நகைக்கும் வழங்கியது பழைய நாடக மரபு. அம்மரபை இருபதாம் நூற்றாண்டின் வாசகர் முன் கொணர்ந்தது அடிகளாரின் பணி.

நான்கு காரணங்கள்

இம்மரபின் வேர் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் உள்ளது. உள்ளத்து உணர்வு உடலிலே வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பர். அத்தகைய மெய்ப்பாடுகள் எட்டு எனக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் முதலாவதாக நகையையே வைக்கின்றார். அழுகை அதற்கு அடுத்தே வருகின்றது. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்பது அவர் கணக்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன்.

எள்ளல் என்பது இகழ்ச்சி அல்லது கேலி. இளமை என்பது குழந்தைத்தன்மை. தந்தையின் சாரத்தை உடுத்துக்கொண்டு பெரியவர்போல் நடந்து காட்டும் நான்கு வயதுச் சிறுவனைக் கண்டு நாம் சிரிப்பது இதனால். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பேதைமையிலிருந்து சற்று வேறுபட்டது. பிறர் சொன்ன ஒன்றை ஆராயாது மெய்யெனக் கொண்டு, கொண்டதை விடாது பற்றி நிற்கும் தன்மை அது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நாம் இக்கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம். தலைவி எழுதியதாகப் பிறர் புனைந்த கடிதத்தை உண்மையென நம்பி, மஞ்சட் காலுறை அணிந்து அவள்முன் இளித்து நிற்கும் மல்வோலியோ மடனுக்குச் சிறந்த சான்று. கழுதைத் தலை பொருத்தப்பட்டதை அறியாமலே தேவதைகளின் அரசியோடு உறவாடும் நெசவாளி பொட்டம் பேதைமைக்குச் சான்று. பிறரை எள்ளியும் பிறரால் எள்ளப்பட்டும் அரங்கை நிறைக்கும் பருத்த வீரன் பால்ஸ்டாப் எள்ளலுக்குச் சான்று.

ஐரோப்பிய அறிஞர் பிற்காலத்திற் கூறியவற்றையும் இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் பயன்தரும். 17 ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ், பிறரது குறையைக் கண்டதும் நாம் உயர்ந்தோம் என்ற எண்ணம் திடீரெனக் கிளர்வதே சிரிப்பு என்றார். 1790 இல் இமானுவல் கான்ட், உள்ளம் ஒன்றை எதிர்பார்த்து இறுகியிருக்கையில் அவ்வெதிர்பார்ப்பு சட்டென ஒன்றுமில்லாமற் போவதே காரணம் என்றார். 1900 இல் பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பெர்க்சன், உயிருள்ள மனிதன் வளைந்து கொடுக்காது இயந்திரம்போல நடந்துகொள்வதே நகைப்புக்கிடம் என்றார். 1905 இல் சிக்மண்ட் பிராய்ட், அடக்கிவைத்த உணர்வு வேடிக்கைப் பேச்சின் வழியே வெளியேறுவதை விளக்கினார். ஹொப்சின் கருத்து எள்ளலுக்குள் அடங்குகின்றது. பெர்க்சன் கண்ட விறைப்பு, கொண்டது விடாத மடனோடு வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போகின்றது. குழந்தையைக் கண்டு சிரிக்கும் அன்புச் சிரிப்புக்கு இவர்களுட் சிலரின் கொள்கைகளில் இடமேயில்லை. தொல்காப்பியரோ அதற்கு இளமை எனத் தனியிடம் ஒதுக்கியுள்ளார்.

இவ்வனைத்திலும் நமது கவனத்திற்குரிய நுட்பம் உரையாசிரியர் பேராசிரியரிடம் உள்ளது. எள்ளலை அவர் இரண்டாகப் பிரிக்கின்றார். பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமும் சிரிப்பது மற்றொன்று. தன்னிடம் தோன்றும் நகை, பிறரிடம் தோன்றும் நகை என்ற இப்பாகுபாடு வடமொழி மரபிலும் உண்டு. எள்ளப்பட்டவனும் சேர்ந்து சிரிக்கக்கூடிய ஒரு நிலையை நம் முன்னோர் நகையின் இலக்கணத்திற்குள்ளேயே வைத்தனர் என்பதை நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். சிரிப்பு எப்போது உறவாகின்றது, எப்போது பகையாகின்றது என்ற வினாவுக்குரிய திறவுகோல் இதுவேயாகும்.

களரியும் கொம்புமுறியும்

‘மதங்க சூளாமணி’ செவ்விலக்கிய நாடகத்தை நோக்கமாகக் கொண்டது. ஆதலின் வாவிக்கரை ஊர்களில் விடிய விடிய ஆடப்பட்ட வடமோடி, தென்மோடிக் கூத்துகள் அதன் எல்லைக்குள் வரவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். எனினும் நூல் கூறும் இலக்கணத்தைக் கையிற் கொண்டு ஊர்க் களரிகளை நோக்கினால், ஏட்டில் உள்ளது நாட்டிலும் இருந்ததைக் காணலாம். மந்திரப் போட்டியை வேடிக்கையாக நடித்துக் காட்டும் மகிடிக் கூத்து, ஊரையே சிரிப்பில் ஆழ்த்துவது. கடுமையான பாரதப் போர்க் கதைகளை ஆடும் கூத்துகளிலும் சபையோர் சிரித்து இளைப்பாறும் இடங்கள் உண்டு. கொலை நிகழ்ந்த இரவிலே குடிமயக்கத்தோடு கதவு திறக்க வரும் வாயிற்காவலனை ‘மக்பெத்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியர் நிறுத்தியதும் இதே தேவை கருதியேயாகும். அச்சம் நெஞ்சை இறுக்கும்போது, அவ்விறுக்கத்தைத் தளர்த்துவதற்குச் சிரிப்பு வேண்டியிருக்கின்றது. தளர்ந்த நெஞ்சிலே அடுத்த அச்சம் மேலும் ஆழமாக இறங்குகின்றது.

எள்ளலுக்கு வரம்பு கட்டிய ஊர்வழக்கம் கொம்புமுறி விளையாட்டாகும். கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த இவ்விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிகின்றது. கொக்கிபோல் வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பிணைத்து, இரு பகுதியாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரை நோக்கி வசைப்பாடல் பாடுவர். வேறொரு நாளிலே சொன்னால் பொறுக்க முடியாத வசையெல்லாம் அன்று பாட்டாகப் பாடப்படும். இரு சேரியாரும் ஒரே ஊரவர், ஒரே அம்மனின் அடியவர். அடுத்த கொம்பு எவருடையது முறியும் என்பதை எவரும் அறியார். ஆகையால் இன்று வசை கேட்டவன் நாளை வசை பாடலாம். சமமானோரிடையே, முறை வைத்து, எல்லை குறித்து நிகழும் எள்ளல் இது.

இல்லங்களிலும் இவ்வழக்கத்தின் சாயல் உண்டு. மச்சான் முறையுடையோர் ஒருவரையொருவர் கேலி செய்வது இப்பிரதேசத்தின் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும் காணப்படும் உரிமையாகும். அக்கேலிக்குக் கோபித்துக்கொள்பவனையே ஊர் நகைக்கும். ஆங்கில மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940 இல் எழுதிய கட்டுரையொன்றில், பல நாட்டு மக்களிடையே இவ்வாறான கேலி உறவு காணப்படுவதை எடுத்துக்காட்டினார். உறவும் போட்டியும் ஒருங்கே உள்ள இடத்தில், கேலி செய்ய உரிமையளிப்பதன் மூலம் சண்டை தவிர்க்கப்படுகின்றது என்பது அவர் விளக்கம். சமூகங்களின் எல்லை கடந்து இளைஞர் ஒருவரையொருவர் மச்சான் என விளிக்கும்போது, அவர்கள் உறவை மாத்திரமன்றிக் கேலிக்கான உரிமையையும் ஒருவருக்கொருவர் வழங்குகின்றனர்.

இஸ்லாமிய மரபிலும் இவ்விரு பக்கமும் தெளிவாகப் பேசப்பட்டுள்ளது. 9 ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அறிஞர் அல் ஜாஹிஸ், கஞ்சர்களைப் பற்றி எழுதிய ‘கிதாபுல் புகலா’ என்ற நூலின் முன்னுரையில் சிரிப்பின் சிறப்பை எடுத்துரைக்கின்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு வேடிக்கையாகப் பேசியதுண்டு. அவ்வேடிக்கையிலும் உண்மையன்றி வேறு கூறியதில்லை என்பது ஹதீஸ்களால் அறியப்படுவது. அதேவேளை, திருக்குர்ஆனின் 49 ஆம் அத்தியாயமான சூரத்துல் ஹுஜுராத், ஒரு சமூகத்தார் இன்னொரு சமூகத்தாரைப் பரிகசிக்கலாகாது எனக் கட்டளையிடுகின்றது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரிலும் மேலானோராக இருக்கக்கூடும் என எச்சரிக்கின்றது. திருக்குறளின் பண்புடைமை அதிகாரமும் இவ்வாறே இரு பக்கத்தையும் காட்டுகின்றது. விளையாட்டாகவேனும் பிறரை இகழ்வது துன்பந் தரும் என்று கூறும் அதே அதிகாரம், பிறரோடு கலந்து மகிழ்ந்து நகைக்க அறியாதவர்க்குப் பகலும் இருளே என்றும் கூறுகின்றது. இரண்டையும் ஒருங்கே கொள்ளவேண்டும் என்பதே பெரியோர் காட்டிய வழியாகும்.

தாழ்ந்தோரென ஒருவரும் இலர்

அடிகளார் 1925 இல் இலங்கைக்குத் திரும்பி இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளை வளர்ப்பதில் ஈடுபட்டார். 1929 இல் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிச் சிறார்க்கு இரவு வேளைகளில் தாமே சென்று கல்வி புகட்டினார். புலவர் அவையில் உரிய இடத்தை அப்போது முழுமையாகப் பெற்றிராத பாரதியாரின் பாடல்களைப் பல்கலைக்கழகத்திற்குள் ஒலிக்கச் செய்தார்.

இச்செயல்களுக்கும் நமது பொருளுக்கும் தொடர்பு உண்டு. சாதியால் தாழ்ந்தவரென ஒதுக்கப்பட்டோரின் நடையையும் பேச்சையும் பாவனை செய்து சிரிப்பது அக்கால மேடைகளிலும் திண்ணைகளிலும் மலிந்திருந்தது. அதற்கு ஆளானவர்களால் அச்சிரிப்பிற் சேர முடியாது. திரும்பவும் கேலி செய்ய முடியாது. அது கொம்புமுறியின் வசைப்பாட்டுக்கு நேர்மாறானது. அடிகளார் அச்சிறாரின் அருகே அமர்ந்து ஏடு தொடக்கியபோது, அவர்களை எள்ளிய உலகிற்குத் தம் செயலாலேயே மறுமொழி அளித்தார்.

1939 முதல் ஈராண்டளவில் இமயச் சாரலிலுள்ள மாயாவதியில் ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் ஆசிரியராயிருந்து, பின்னர் தாயகம் மீண்டார். உலகப் போரின் நெருக்கடி சூழ்ந்த 1942 ஆம் ஆண்டில், உணவு உற்பத்திப் பணிகளைக் கவனிப்பதற்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். கல்முனையில் அவருக்கும் அடிகளாருக்கும் நெருங்கிய நட்பு மலர்ந்தது. கல்வியின்றி ஒரு சமூகம் உயர முடியாது என்ற கருத்தில் இருவரும் ஒன்றுபட்டனர். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அஸீஸ் நிறுவினார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது. ஏழை முஸ்லிம் மாணவர் பலர் உயர்கல்வி பெற வழிசெய்த அந்நிதியின் விதை கிழக்கு மண்ணிலே ஊன்றப்பட்டது. பின்னாளில் கொழும்பு சாஹிரா கல்லூரியின் அதிபராகவும் செனட்டராகவும் விளங்கிய அஸீஸ், தமக்கு ஊக்கமளித்தோருள் அடிகளாரையும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1943 இல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு உழைப்பின் பயனான யாழ் நூல், 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5, 6 ஆம் திகதிகளில் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பொருளாகக் கொண்டு நீரரமகளிர் பற்றிய கவிதையும் இயற்றிய அந்த இசை உள்ளம், அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரம் கழிந்ததும், 1947 ஜூலை 19 ஆம் திகதி கொழும்பில் ஓய்ந்தது. அவரது திருவுடல் கல்லடிக்குக் கொண்டுவரப்பட்டு, சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

சிரிப்பு தொலைந்த காலம்

அடிகளார் மறைந்து நான்கு தசாப்தங்கள் கடந்த பின்னர் இப்பிரதேசம் கண்ட துயரத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் சிந்திய இரத்தம் இரு சமூகத்தாருடையதும் ஆகும். சந்தைகள் பிரிந்தன, பாதைகள் பிரிந்தன. மச்சான் என்ற விளி பல இடங்களில் நின்றுபோனது. அச்சமும் ஐயமும் நிலவும் இடத்தில் வேடிக்கைப் பேச்சு முதலில் மறைகின்றது. சொல்பவன் எண்ணாத பொருளைக் கேட்பவன் எடுத்துக்கொள்வான் என்ற பயம் நாவைக் கட்டிவிடுகின்றது. இரு அயலவர் மனந்திறந்து ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ள முடிகின்றதா என்பதைக் கொண்டே அவர்களிடையே உள்ள அமைதியின் ஆழத்தை அளந்துவிடலாம்.

போர் 2009 இல் முடிந்தது. கூட்டமாகச் சிரிப்பதற்கான வழிகள் இன்று பெருகியுள்ளன. எனினும் நாம் கவலைகொள்ள வேண்டிய மாற்றமொன்று நிகழ்ந்திருக்கின்றது. முன்னர் எள்ளியவனும் எள்ளப்பட்டவனும் எதிரெதிரே நின்றனர். முகம் வாடியதைக் கண்டதும் சொன்னவன் நிறுத்திக்கொண்டான். இன்று கைப்பேசிகளிலே பரவும் கேலிப் படங்களும் துணுக்குகளும், எள்ளப்படுபவர் இல்லாத அறைக்குள், தம்மினத்தவர் மட்டுமே கூடியிருந்து சிரிப்பதற்காகச் செய்யப்படுகின்றன. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த தாக்குதல்களின் பின்னர், அக்கொடுமையோடு எத்தொடர்பும் இல்லாத முஸ்லிம் மக்களின் உடையும் உணவும் இவ்வாறு பரிகாசப் பொருளாக்கப்பட்டதை நாம் கண்டோம். தமிழரின் வழிபாட்டையும் பேச்சையும் இகழும் துணுக்குகளுக்கும் குறைவில்லை. இரு பக்கமும் சிரிக்கின்றது. ஒன்றாகச் சேர்ந்து சிரிப்பதில்லை.

எனவே அடிகளாரின் நினைவைப் போற்றும் நாம், சிலைக்கு மாலை சூட்டுவதோடு அமையலாகாது. கல்லடியிலே அவர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கி வருகின்றது. கொம்புமுறி வசைப்பாடல்களையும், மகிடிக் கூத்தின் வேடிக்கைகளையும், முஸ்லிம் கிராமங்களில் வழங்கும் நாட்டார் கவிகளில் உள்ள நையாண்டியையும் ஒருங்கே திரட்டி ஆராயும் முயற்சிக்கு அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை. அயற்பாடசாலைகளான தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரே மேடையில் நகைச்சுவை நாடகம் ஆடலாம். தத்தம் ஊர்ப் பெருமையையும் பிடிவாதத்தையும் தாமே கேலி செய்து காட்டும் பிள்ளைகள், பிறரது கேலியைப் பொறுக்கவும் பிறரைப் புண்படுத்தாது கேலி செய்யவும் கற்றுக்கொள்வர்.

பெரியவர்களாகிய நமக்கு ஒரு சிறு சோதனை போதுமானது. ஒரு துணுக்கைக் கேட்டுச் சிரிக்கு முன், அல்லது பிறருக்கு அனுப்பு முன், அதில் எள்ளப்படுபவர் இப்போது நம் அருகே அமர்ந்திருந்தால் அவரும் சிரிப்பாரா என்று எண்ணிப் பார்ப்போம். சிரிப்பார் எனில் அத்துணுக்கு வாழ்க. அது உறவை வளர்க்கும். சிரிக்கமாட்டார் எனில், அது எந்தச் சமூகத்தைப் பற்றியதாயினும் நம்மோடு நின்றுவிடட்டும். எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த மொழியைப் பேசுகின்றவர்கள் நாம். அந்நகையை அயலவரோடு பகிர்ந்துகொள்ளும் பண்பு, வாவியின் இரு கரையிலும் வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான முதுசமாகும். அதைக் காப்பது நமது கடமை.